கலையும் பிணையும்

தமிழில் ‘கலை’ என்னும் சொல்லுக்கு ஆண்மான் என்றும் ஒரு பொருள் உண்டு. ‘பிணை’ என்னும் சொல்லோ பெண்மானையும் குறிக்கும். ஒருவர்க்காக மற்றொருவர் ஏற்றுக்கொள்ளும் ஈட்டுப் பொறுப்பையும் குறிக்கும். அகராதி புரட்டும் பழக்கமுள்ள அன்பர்களுக்கு இது புதிய செய்தியன்று. எனினும், வேட்டைத் தெய்வங்களைப் பற்றி எழுந்த கற்பனைகளை எடைபோடப் புகுந்தபோது இவ்விரு சொற்களுமே நமக்கு அளவுகோலாக வாய்த்தன. அது எவ்வாறு என்பதை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

அண்மையில் செங்கற்பட்டில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகள் ஆங்கில நாவலொன்றில் ஆழ்ந்திருந்தாள். நண்பர் அந்நூலைச் சுட்டிக்காட்டி, “வில்லேந்திய பெண் தெய்வத்தைப் பற்றிய கதையாம். நம் வீட்டுப் பிள்ளைகள் இதையெல்லாம் படிக்கலாமா, சொல்லுங்கள்” என்று கேட்டார். நாம் வாய் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள்: “கதைதானே அத்தா!”

தந்தையின் அச்சத்தையும் மகளின் அலட்சியத்தையும் ஒருசேர எண்ணிப் பார்த்தோம். தந்தை கதைக்கு அளவுக்கு மிஞ்சிய ஆற்றலை ஏற்றிவிட்டார். மகளோ அதற்கு உரிய ஆற்றலைக்கூடத் தர மறுத்தாள். கதை வெறும் கதைதான் என்றால் அதனால் நன்மையுமில்லை, தீமையுமில்லை. அத்தகைய ஒன்றுக்காக மனித குலம் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் உறக்கத்தைத் துறந்து செவி சாய்த்திருக்க வேண்டியதில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. பழைய வேட்டைத் தெய்வத்தைத் தன் கற்பனை உலகில் குடியேற்றும் ஆசிரியன் எதை உடன் எடுத்து வருகிறான்? எதை வழியில் விட்டுவிடுகிறான்?

*

ரோமர்கள் டயானா என்றும், அவர்களுக்கு முன்பே கிரேக்கர்கள் ஆர்ட்டெமிஸ் என்றும் அழைத்த அத்தெய்வத்தின் கோலம் யாவரும் அறிந்ததே. கையில் வில், அருகில் மான், உடன் வரும் வேட்டை நாய்கள், தோழியராய்க் கன்னியர் கூட்டம். அவள் வேட்டைக்குரியவள், அதே வேளையில் காட்டு விலங்குகளின் காவலாளியும் அவளே. காப்பவளே கொல்பவளாகவும் இருக்கும் இம்முரண்பாடுதான் அவளைப் பற்றிய பழங்கதைகளின் உயிர்நாடி.

இலத்தீன் கவிஞர் ஓவிட் இதனை நன்குணர்ந்திருந்தார். ஏறத்தாழ கி.பி. 8ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தம்முடைய ‘உருமாற்றங்கள்’ என்னும் காவியத்தில் ஆக்டியான் என்ற வேட்டைக்காரனின் கதையை அவர் சொல்கிறார். காட்டில் வழி தவறியவன், டயானா நீராடும் சுனையருகே எதிர்பாராமல் வந்துவிடுகிறான். சினந்த தேவி அவனைக் கலைமானாக்கிவிடுகிறாள். அவன் வளர்த்த நாய்களே அவனைத் துரத்துகின்றன. அந்த நாய்களுள் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை ஓவிட் பெயர் சொல்லி அடுக்குகிறார். நாய்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. ‘நான்தான் உங்கள் எசமானன்’ என்று சொல்ல நினைக்கும் அவனுக்கோ வாய்ச்சொல் இல்லை. வேட்டையாடியவனை வேட்டையாடப்படும் விலங்கின் உடலுக்குள் புகுத்திப் பார்த்த துணிவே அக்கதையை இரண்டாயிரம் ஆண்டுகள் வாழ வைத்தது.

நம் காலத்துக் கற்பனை உலகங்களில் இத்தெய்வத்துக்கு நேர்ந்தது என்ன? 1941ஆம் ஆண்டு அமெரிக்கச் சித்திரக்கதையில் ‘ஒண்டர் உமன்’ என்ற வீராங்கனை தோன்றினாள். அவளுக்கு டயானா என்று பெயரிட்டனர். பெயர் வந்தது, வீரமும் வந்தது, காடும் மானும் வரவில்லை. நண்பர் மகள் படித்துக்கொண்டிருந்தது ரிக் ரியோர்டன் என்பார் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி டைட்டன்ஸ் கர்ஸ்’. அதில் ஆர்ட்டெமிஸ் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தோற்றத்தில் வருகிறாள். மான்கள் அவளுடைய தேரை இழுக்கின்றன. மூப்பறியாத கன்னியர் அவளோடு வேட்டைக்குச் செல்கின்றனர். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. நகைச்சுவையும் உண்டு. ஆனால் அவர்கள் எய்யும் அம்பு பட்டு வீழ்பவை அரக்க விலங்குகள். அவை வீழ்ந்தவுடன் தூளாகிக் காற்றில் கரைந்துவிடுகின்றன. குருதி இல்லை, கண்ணீர் இல்லை, அடக்கம் செய்யப் பிணமும் இல்லை. வேட்டை என்பது கைகழுவத் தேவையற்ற விளையாட்டாகிவிடுகிறது.

நடுநிலையோடு ஒன்று சொல்ல வேண்டும். அதே நாவலில் பாதி பசுவும் பாதி பாம்புமான ஒரு சாதுவான உயிர் வருகிறது. அதனைக் கொல்பவனுக்குத் தெய்வங்களையே அழிக்கும் வல்லமை கிட்டுமாம். ஆகவே அதைக் கொன்றுவிடலாமா என்று தேவர் சபையே ஆராய்கிறது. கதைத் தலைவனாகிய சிறுவன் அங்கே எழுந்து அவ்வுயிருக்காக மன்றாடுகிறான். நூல் முழுவதிலும் நம் நெஞ்சைத் தொட்ட இடம் இதுவே. வேட்டைப்பொருள் தூளாகாமல் உயிரோடு நிற்கும் ஒரே இடமும் இதுவே. இவ்விரண்டும் ஒன்றாக அமைந்தது தற்செயலன்று என்பதே நம் கருத்து.

*

மறுநாள் நண்பரின் குடும்பத்தோடு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்றோம். கடற்காற்று வாங்குவதே நோக்கம். ஆயினும் முதல்நாள் எழுந்த கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. பல்லவர் குடைந்த பாறைகளுக்கிடையே நடந்தபோது, நம் மண்ணின் வேட்டைத் தெய்வம் எதிரே வந்து நின்றாள். கொற்றவை என்று பழந்தமிழர் அழைத்த தெய்வமே அவள். வணங்கும் கண்ணோடன்று, வாசிக்கும் கண்ணோடு அவளைக் கண்டோம்.

வராக மண்டபத்தில் நிற்கும் அவளுக்கு ஒருபால் சிங்கமும் மறுபால் மானும் செதுக்கப்பட்டுள்ளன. சிங்கம் பாரதம் முழுவதும் துர்க்கைக்கு உரிய ஊர்தி. மானோ தமிழ் நிலத்துக் கொற்றவைக்கு உரியது. கலையின்மேல் அமர்பவள் என்றே நம் இலக்கியம் அவளைப் போற்றும். வேட்டைக்காரியின் அருகில் அவளுடைய இரை அஞ்சாமல் நிற்கிறது. வடக்கேயிருந்து வந்த சிங்கத்துக்காகத் தன் மானைச் சிற்பி கைவிட்டானில்லை.

ஐந்து இரதங்களுள் சிறியதாகிய திரௌபதி இரதத்தின் உள்ளே வேறொரு காட்சி. தேவியின் காலடியில் இருவர் மண்டியிட்டிருக்கின்றனர். அவருள் ஒருவன் தன் குடுமியை ஒரு கையால் பற்றி, மறுகை வாளைத் தன் கழுத்திலேயே வைத்திருக்கிறான். நவகண்டம் என்று பின்னாளில் பேசப்பட்ட கொடிய வழக்கம் இது. உயிரை இவ்வாறு மாய்த்துக்கொள்வதை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் சிற்பி மறைக்காத ஓர் உண்மை இதில் உண்டு. இத்தெய்வத்துக்கு விலை உண்டு. அவ்விலையை இங்கே கொடுப்பவன் தன்னையே கொடுக்கிறான். பிறனை இழுத்து வரவில்லை.

மகிடாசுரமர்த்தினி மண்டபத்தில் தேவி சிங்கத்தின்மீது அமர்ந்து வில்வளைத்துப் பாய்கிறாள். எதிரே எருமைத் தலையோடு மகிடன். அவன் உடல் பின்னோக்கிச் சாய்கிறது. கையிலுள்ள கதையை மட்டும் அவன் நழுவ விடவில்லை. கொலை நிகழ்வதற்கு ஒரு கணம் முன்னதாகவே உளி நின்றுவிட்டது. தோற்கப்போகிறவனுக்கும் ஒரு மிடுக்கை அளித்திருக்கிறான் சிற்பி. திறந்தவெளியிலுள்ள பெரும்பாறைச் சிற்பத்தில் ஒரு மான் படுத்தபடியே பின்காலால் தன் முகத்தைச் சொறிந்துகொண்டிருக்கிறது. அதனை அருச்சுனன் தவம் என்பாரும், கங்கை இறங்கிய காட்சி என்பாரும் உளர். எதுவாயினும், வானோரும் முனிவரும் நிறைந்த அவையில் அந்த மானுக்கும் ஓரிடம் கிடைத்திருக்கிறது.

*

கல்லில் கண்ட இப்பண்பு சொல்லில் எவ்வாறு அமைந்தது என்று நோக்குங்கால், சிலப்பதிகாரத்து வேட்டுவ வரிக்கே செல்ல வேண்டும். தொல்காப்பியம் கொற்றவை நிலை என்று குறிப்பிட்டதைக் காட்சியாக விரித்துக் காட்டியவர் இளங்கோவடிகள்.

மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் ஐயை கோட்டத்தில் இளைப்பாறுகின்றனர். அங்கே எயினர் குலத்துச் சாலினி என்பாள் தெய்வமுற்று ஆடி, தேவிக்குரிய கடனைச் செலுத்தாமையால் குடி நலிந்தது என்கிறாள். எயினர் தம் குலத்துக் குமரி ஒருத்தியைக் கொற்றவையாகப் புனைகின்றனர். பன்றிக் கொம்பைப் பிறையாகச் சூட்டி, புலிப்பல் தாலி பூட்டி, விலங்கின் தோலை உடுத்தி, கையில் வில் கொடுத்துக் கலைமேல் ஏற்றுகின்றனர். அக்குமரி அணிந்த ஒவ்வொன்றும் ஓர் உயிரிடமிருந்து எடுக்கப்பட்டது. அதனை இளங்கோ ஒளிக்கவில்லை.

மரபு அவரைச் சமணத் துறவி என்கிறது. கொல்லாமையை முதலறமாகக் கொண்டவர், வேட்டுவரின் தெய்வத்தை இத்துணை நுட்பமாகப் பாடியது எவ்வாறு? அவர் அத்தெய்வத்தை வழிபட்டாரல்லர், இகழ்ந்தாருமல்லர். கவுந்தியடிகளை அக்கோட்டத்திலேயே அமர வைத்துவிட்டு, எயினரைத் தம் வாயால் பேசவிட்டார். தம் நம்பிக்கையில் உறுதியுள்ளவர்க்கே பிறர் நம்பிக்கையை நேர்மையாகச் சித்தரிக்கும் துணிவு வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இதனினும் பெரிய செயலொன்றை அவர் அவ்விடத்தில் செய்திருக்கிறார். தெய்வமேறிய சாலினி, வழிநடையால் களைத்திருந்த கண்ணகியைச் சுட்டி, அவளையே தென்தமிழ்ப் பாவை என்று போற்றுகிறாள். கண்ணகியோ, முதுமகள் அறியாமல் மொழிந்தாள் என்று நாணிக் கணவனின் பின்னே ஒடுங்குகிறாள். சில நாள்களில் மதுரை என்னும் காட்டில் கோவலன் வேட்டையாடப்படுகிறான். அதன்பின் தலைவிரி கோலமாக அரண்மனை வாயிலில் நிற்பவளைக் கண்டு நடுங்கும் வாயிலோன், இவள் கொற்றவையும் அல்லள் என்று சொல்லுமளவுக்கு அவள் தோற்றம் மாறிவிடுகிறது. மருண்ட மானைப்போல் ஒடுங்கியவளே இறுதியில் வில்லேந்தியவளின் சினத்தைத் தாங்குகிறாள். இரையான உயிரே தெய்வமாக எழுகிறது. ஓவிட் வேட்டைக்காரனை மானாக்கினார். இளங்கோ மானை வேட்டைக்காரியாக்கினார். இருவரும் அறிந்தது ஒன்றே: மானின் பக்கம் சென்று நிற்காமல் வேட்டையைப் பாட முடியாது.

*

இதே மாமல்லபுரக் கடற்கரையைத் தமிழ்க் குடும்பங்களின் மனத்தில் நிலைபெறச் செய்தவர் கல்கி. ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ ஆகிய இரு நாவல்களையும் படித்து வளர்ந்தவர்களுள் நாமும் அடங்குவோம். அந்த நன்றியோடுதான் ஒரு குறையைச் சொல்கிறோம். ‘பார்த்திபன் கனவில்’ காளி வழிபாடும் கபாலிகரின் நரபலியும் வருகின்றன. இளவரசன் விக்கிரமனைப் பலிபீடத்துக்குக் கொண்டுசெல்லும் கட்டத்தில் நம் மூச்சு நின்றுவிடுகிறது. நரபலியைக் கண்டிப்பதே ஆசிரியரின் நோக்கம், அது போற்றத்தக்கதே. ஆனால் அங்கே தேவி எதிரியின் சூழ்ச்சிக்குப் பின்னணித் திரையாக மட்டுமே நிற்கிறாள். திரௌபதி இரதத்துச் சிற்பத்தில் தன் கழுத்தைத் தானே பற்றியிருக்கும் மனிதனுடைய உள்ளத்தில் ஓடுவது என்ன என்ற கேள்வி நாவலுக்குள் நுழையவே இல்லை. அச்சம் மிஞ்சுகிறது, அறிவு மிஞ்சவில்லை.

2005ஆம் ஆண்டு வெளிவந்த ஜெயமோகனின் ‘கொற்றவை’ இதற்கு மறுகோடியில் நிற்கிறது. வடசொற்களை விலக்கிய நடையில் சிலப்பதிகாரக் கதையைப் புதிதாகப் புனைந்து, கண்ணகியைக் கொற்றவையாகவே கண்ட பெருமுயற்சி அது. இளங்கோ குறிப்பால் உணர்த்தியதை அந்நாவல் விரித்துரைக்கிறது. நடையின் இறுக்கம் பல வாசகர்களை வாயிலிலேயே நிறுத்திவிடும் என்பது மெய். ஆயினும் தெய்வம் என்பது நெடுங்காலத் துயரிலிருந்து திரண்டெழும் வடிவம் என்ற உணர்வை அது தருகிறது. வில்லையும் பிறையையும் மட்டும் வாங்கிக்கொண்டு துயரை விட்டுவிடும் கற்பனைகளினும் அது மேம்பட்டது.

*

இவ்விடத்தில் நம் இல்லங்களில் பழக்கமான ஒரு படலம் நினைவுக்கு வருவது இயல்பே. 17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் பாடிய ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ அது.

வேடன் விரித்த வலையில் பெண்மான் ஒன்று அகப்படுகிறது. அவ்வழியே எழுந்தருளிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம், பாலுக்கு ஏங்கும் தன் கன்றைப் பற்றி அது முறையிடுகிறது. கன்றுக்குப் பாலூட்டி மீளும்வரை அதனை விட்டுவிடுமாறு கேட்டு, அண்ணலார் தாமே பிணை நிற்கிறார்கள். காட்டு மான் மீண்டு வருமா என்பது வேடனின் ஐயம். மானோ தன் இனத்தைச் சேர்ந்து, கன்றுக்குப் பாலூட்டி, சொன்ன சொல் தவறாது கன்றோடு மீண்டு வருகிறது. வேடன் மனம் மாறி மார்க்கத்தை ஏற்கிறான். மான் விடுதலை பெறுகிறது.

இலக்கியக் கண்ணோடு இதனை நோக்க வேண்டும். அரபு நாட்டு நிகழ்ச்சிகளைப் பாடிய புலவர், தமிழ் நிலத்தின் மலைகளையும் காடுகளையும் தம் காவியத்துக்குள் கொண்டுவந்தார். கொற்றவையின் கலைமான் உலவிய அதே தமிழ்க் காட்டில்தான் இப்பெண்மானும் பேசுகிறது. தமிழ் மரபைப் பிறருடையதென்று உமறு ஒதுக்கவில்லை; அதற்குள் நின்று, அதில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார். இளங்கோவின் காவியத்தில் இரை தெய்வமாகிறது. உமறுவின் காவியத்தில் இரைக்காக மனித குலத்தின் மாணிக்கம் பொறுப்பேற்கிறது. வேட்டை நமக்கு முற்றும் விலக்கப்பட்டதன்று. உணவின்பொருட்டு அதற்கு இசைவு உண்டு. இப்படலத்தில் வேடனுடைய உரிமையும் மறுக்கப்படவில்லை. வலையை அறுத்தெறிவதற்குப் பதிலாக, மானின் சொல்லுக்கு மதிப்பளிக்கப்படுகிறது. விலங்குக்கும் தாய்மை உண்டு, வாக்கு உண்டு, நாணயம் உண்டு என்று வேடன் உணரும்போது அவன் கை தானாகவே தளர்ந்துவிடுகிறது.

‘பிணைக்குப் பிணை’ என்னும் சிலேடை தமிழ் தந்த கொடை. கலை என்னும் சொல் மானையும் படைப்பையும் ஒருசேரச் சுட்டுவதும் அப்படியே. வேட்டையைப் பாடும் கலைஞன் இரைக்குப் பிணை நிற்க வேண்டும். இதுவே நாம் தேடிய அளவுகோல்.

*

இது காவியத்துக்கு மட்டுமே பொருந்தும் உயர்ந்த கற்பனை என்று எவரும் தள்ளிவிட வேண்டா. இதே செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏரிப் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டு வீழ்த்தினர். ஊரார் பொறுக்காமல் அந்நாளைய கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டுப் பறவைகளுக்குக் காப்புரிமைக் கவுல் பெற்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்ற உழவரறிவும் அதற்குப் பின்னே இருந்தது. ஓர் ஊரே பிணை நின்ற வரலாறு அது.

மாமல்லபுரத்துக் கடற்கரையில் மாசிமகப் பௌர்ணமியன்று இருளர் மக்கள் திரள்திரளாக வந்து கூடுகின்றனர். மணலில் குடில் அமைத்து இரவு தங்கி, விடியலில் தங்கள் கன்னியம்மனை வழிபட்டு, அங்கேயே திருமணங்களையும் நடத்துகின்றனர். காட்டையும் கன்னித் தெய்வத்தையும் இன்றும் ஒன்றாகப் போற்றும் மக்கள் அவர்கள். ஒருகாலத்தில் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடிப்பது அவர்களிற் பலருக்குப் பிழைப்பாயிருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து அத்தொழில் அற்றுப்போக, வாழ்வு திண்டாட்டமாயிற்று. 1978ஆம் ஆண்டு மாமல்லபுரத்துக்கு வடக்கேயுள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை உயிரோடு பிடித்து, சில வாரங்கள் பேணி நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து ஆக்கப்படும் மருந்து பாம்பு கடித்தோரின் உயிரைக் காக்கிறது. இம்மக்களைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பிடித்ததைக் கெடுவைத்துத் திருப்பி விடும் இந்த வேட்டை, மாயமந்திரக் கதைகள் பலவற்றினும் நமக்கு வியப்பளிக்கிறது.

*

நண்பரின் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். படிப்பது வேறு, வழிபடுவது வேறு. இந்த வேற்றுமையை அறிந்த இல்லத்தில் டயானாவின் கதையும் கொற்றவையின் கதையும் ஈமானை அசைக்கப் போவதில்லை. நாம் அஞ்ச வேண்டியது தெய்வத்தின் பெயரை அன்று. கொன்றது தூளாகிவிடும், அதனால் யார்க்கும் நோவில்லை என்று இளநெஞ்சுகளைப் பழக்கும் கதைகளையே நாம் ஐயுற வேண்டும். அவை எந்தத் தெய்வத்தின் பெயரையும் சொல்லாமலே வரக்கூடும். பிள்ளையின் கையிலிருந்து நூலைப் பிடுங்குவதைவிட, ‘இக்கதையில் மான் யார்? அதற்கு யார் பிணை?’ என்று கேட்கப் பழக்குவதே பெற்றோர்க்கு அழகு.

அந்தி மயங்கத் திரும்பும் வழியில் இவ்விரு கேள்விகளையும் அப்பெண்ணிடம் கேட்டோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டிய பின், “பாதி பசு, பாதி பாம்பாக வருகிறதே, அதுதான் மான். அந்தப் பையன்தான் பிணை. மற்ற அரக்க விலங்குகளுக்கு யாருமே இல்லை” என்றாள். சற்றுப் பொறுத்து, “அவற்றுக்கும் குட்டிகள் இருந்திருக்குமோ?” என்று கேட்டாள்.

நண்பர் நம்மைப் பார்த்தார். பிறகு மகளிடம், “படித்து முடித்ததும் அந்தப் புத்தகத்தை எனக்குக் கொடு” என்றார்.